பத்துக்கு எத்தனை?

காலையில் சுமன் அடுப்பு மூட்டினான். பிளேன்டீ குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். சாப்பிடவில்லை. பெண்சாதி ஜீவராணி செத்துப்போனபின் காலையில் அப்படித்தான்.

அவள் போன அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி தேடி அவன் புளத்கொகுபிட்டிய டவுனுக்கு ஓடியிருந்தான். அவள் பக்கத்தில் இருந்தது, சுவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த கருப்பாயி. "முருகான்னு சொல்லிக்கிட்டே போனாளாம்" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஜீவராணி கோயிலுக்குப் போவதே தேங்காய்த் துண்டுக்காகத்தான்.

தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்த பிறகு, நலன்புரி நிறுவனம் ஒன்று அவனுக்குத் தற்காலிக வேலை கொடுத்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் ஒரே கேள்வி கேட்க வேண்டும். கஷ்டம் வந்தால் சமாளிப்பேன் என்று உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? சைபரிலிருந்து பத்துக்குள் ஓர் எண். ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம்.

"சைபர்னு போடு தம்பி" என்றாள் கருப்பாயி.

"மண்ணு சரிஞ்சப்ப அடுத்தவங்க புள்ளைகளையும் தூக்கிட்டு ஓடுனது நீங்கதானேக்கா?"

"ஓடுனேன். அதுக்காக முடியும்னு சொல்லவா? நாளைக்கே ரெண்டு கிலோ கொழுந்து கூடக் கேப்பாங்க. எடுக்காட்டி அரைப்பேரு, பாதிச் சம்பளந்தான். இந்தத் தோட்டத்துல முடியும்னு சொன்னவன் எவன் நல்லாருந்தான்? இந்தா, ரொட்டி தின்னு."

தின்றான். அன்று லயம் முழுக்கச் சைபர்.

நிறுவனத்தின் பொறுப்பாளர் தாட்சாயினி மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர். தாள்களைப் புரட்டினார். "எல்லாரும் சைபரோ? அப்ப இந்தச் சனம் எப்பிடி இன்னும் உயிரோட இருக்குது? வடிவா விளங்கப்படுத்தித் திரும்பக் கேளுங்கோ."

விளங்கப்படுத்தினான். தோட்டத்துத் துரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எண் கூடினால் நல்லதுதான் என்றான்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று மரவள்ளிக்கிழங்கை அவன் முன்னால் வைத்தாள் இலட்சுமி. "எனக்குப் பத்து."

எல்லோருக்கும் பத்து. கங்காணி செல்லையா பதினொன்று கேட்டார்.

"பத்துக்கு மேல இல்லீங்க."

"ஹரி, சரி. அப்ப அவங்களுக்கு ஒம்பது போடு. கங்காணிக்கும் ஆளுக்கும் ஒரே நம்பரா?"

மிஸ் மறுபடி திருப்பி அனுப்பினார். சுமன் யோசித்தான். இம்முறை கூடையை உதாரணம் காட்டினான். மனதை ஒரு கூடை என்று வைத்துக்கொண்டால், அதில் தைரியம் எவ்வளவு நிறைந்திருக்கிறது?

"ஈரக் கொழுந்தா, காஞ்சதா?" என்றாள் கருப்பாயி, அவனுக்குச் சோற்றைக் கோப்பையில் அள்ளியபடி. "ஈரம்னா நிறுக்கறப்ப கழிப்பாங்க. கழிச்சிட்டு அஞ்சுன்னு போடு."

எல்லாக் காம்பராவிலும் ஈரம் கழித்தார்கள். எல்லாக் காம்பராவிலும் அஞ்சு.

"வீட்டில இருந்து நீங்களே நிரப்பினதோ?" மிஸ்ஸின் குரல் ஏறவில்லை. "நாளைக்கு நானே வாறன். பிழையெண்டால் வேற ஆளைப் பாப்பம்."

சுமன் அதைக் கருப்பாயியிடம் சொன்னான். அவள் அன்றிரவே, உள்ளதைச் சொல்லச் சொல்லி, காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினாள்.

மறுநாள் மிஸ் வந்து கேட்டார்.

"மறுபடி மண்ணு சரிஞ்சா ஏழு" என்றாள் கருப்பாயி. "எங்க வூட்டுக்காரரு குடிச்சுட்டு வந்தா ஒம்பது. புள்ளைக்குக் காய்ச்சல்னா ரெண்டுதாங்க மிஸ்."

இலட்சுமி ஆறு. செல்லையா தொண்டையைச் செருமி, பெண்சாதி உள்ளே இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, மெதுவாக "மூணு" என்றார். ஒருவர் எண்ணும் மற்றவரைப் போல் இல்லை.

மிஸ் பேனையை மூடினார். "சுமன், வேலை உங்களுக்குத்தான்." பிறகு கருப்பாயியைப் பார்த்தார். "உங்களுக்கு முதல் நாளே விளங்கினதுதானே? பிறகேன் இந்தப் பெடியனை இப்பிடி அலைய விட்டனீங்கள்?"

"மொத நாளே சரியாச் சொல்லியிருந்தா தம்பி மறுபடி எங்க வூட்டுக்கு வந்திருக்குமா மிஸ்?"

கருப்பாயி சுமன் பக்கம் திரும்பினாள். "முருகான்னெல்லாம் அவ சொல்லல தம்பி. என் கையப் புடிச்சுக்கிட்டு அவ கடைசியாச் சொன்னது, 'அக்கா, அவரு பசிச்சாலும் கேக்க மாட்டாரு. ஏதாச்சும் சாக்குச் சொல்லிக் கூப்புட்டுச் சோறு போடுங்க.'"