நியோடிமியமும் ஒரு கூறைப்புடவையும்

மனிதகுலத்தைக் கைதூக்கிவிட்டது நெருப்பு என்பார்கள். காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை அது நியோடிமியம்.

இந்த அரிய மண் தனிமத்தைப் பற்றி ஒரு மழைக்காலம் முழுக்க, யாரோடும் பேசாமல் படித்தேன். இரும்போடும் போரானோடும் சேர்ந்தால் உலகிலேயே வலிமையான காந்தம். இயர்போனில் பாடுவதும் கரண்ட்டை மிச்சம்பிடிக்கும் மின்விசிறியைச் சுழற்றுவதும் அதுவே. ஈரத்தில் துருப்பிடிக்கும், அதனால் நிக்கல் முலாம் பூசி மினுக்கிவைப்பார்கள். இந்தக் கடைசிக் குணத்தால் எனக்கு அதனோடு ஓர் உறவு பிறந்தது.

ஒரு காந்தம் வாங்கிப் பட்டுக்கடை ராஜவேலுவிடம் காட்டினேன். அவர் அதைப் புடவை ஜரிகைமேல் வைத்துப் பார்த்தார்.

"ஒட்னா போலி, ஒட்டலன்னா அசலு. அதான சார்?"

அசல் ஜரிகையின் வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. போலி ஜரிகையின் செம்பும் ஒட்டாது. இதை நயமாகச் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே என் மௌனம் "ஆய்வறிக்கை"யாக ஏற்கப்பட்டது. மறுவாரம் "அறிவியல் பரிசோதனைப் பிரிவு" திறப்பு விழா. எனக்கு ஒரு மேசை, ஒரு சால்வை, சட்டையில் "தூய்மை நிபுணர்" என்று தகர பேட்ஜ். வந்த புடவையெல்லாம் தேறின. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படியொரு தேர்ச்சி கிடையாது.

திருப்புட்குழி விவசாயி முனிசாமி, மகள் பிரியதர்ஷினியோடு வந்தார். மகனுக்குக் காதல் கல்யாணம். பெண் வீட்டார் பிள்ளையார்பாளையத்து நெசவாளிகள், அரைமனதாகச் சம்மதித்தவர்கள். கூறைப்புடவை போலியென்றால் தொட்டதுமே தெரிந்துகொள்வார்கள். அந்த அரைமனமும் போய்விடும்.

"படிச்சவரு நீங்க சொன்னா போதும் சார். அசல்தானே?"

"ஒட்னா போலி, ஒட்டலன்னா அசலு" என்று ராஜவேலு அவர்களுக்கு விளக்க, காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. முனிசாமி கைகூப்பினார்.

பிரியதர்ஷினி மெல்லக் கேட்டாள்: "செம்பு மட்டும் ஒட்டுமா சார்?"

வாழ்நாளில் எத்தனையோ மௌனங்கள் காத்திருக்கிறேன். அவற்றில் இதுவே தலைசிறந்தது.

"சார் பேசலன்னா சரின்னு அர்த்தம்மா" என்றார் ராஜவேலு.

அவள் காந்தத்தை எடுத்து, திருப்பித் தருவதுபோல் என் பக்கம் நீட்டினாள். அது அவள் விரலிலிருந்து துள்ளி, 'டக்'கென்று என் பேட்ஜில் ஒட்டிக்கொண்டது.

அதைப் பார்த்தவள், "ஒட்னா போலின்னுதான சொல்லிக்கினு இருந்தீங்க?" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "புடவைய மடிச்சி குட்த்துட்டு வாப்பா. அண்ணி வீட்டுத் தறியிலயே நெய்யச் சொல்லலாம். நாள் இருக்குது."

நியோடிமியத்தின் திறமையை இனி யாரும் சந்தேகிக்க வேண்டாம். அந்தக் கடையில் தேறாத ஒரே சரக்கை அது தானே தாவிவந்து பிடித்தது.