அரைநூல் அண்ணை

யாழ்ப்பாணக் குடாநாட்டையே சல்லடை போட்டுத் தேடினாலும், தன் கண்ணை நம்பாத படக்காரர் ஒருவர்தான் அகப்படுவார். 1930களின் கடைசியில் நான் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். என் அறைக்குக் கீழே அவருடைய ஸ்டூடியோ.

பெரிய மரக் கமெராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாரென்றால் அரை மணித்தியாலம் வெளியே வரமாட்டார். கண்ணாடியில் தலைகீழாக விழும் படத்தை, பூதக்கண்ணாடி பிடித்து, இலை நரம்பு தெரியுமட்டும் கூர்மையாக்குவார். பிறகு இரும்பு அடிமட்டத்தோடு வந்து லென்ஸை அரை நூல் முன்னே தள்ளி, பட்ட பாட்டையெல்லாம் தானே கெடுப்பார்! ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, தச்சர் கணக்கு. அதனாலேயே அவருக்கு நாங்கள் வைத்த பட்டம் 'அரைநூல்'.

"ஏன் அண்ணை கலைக்கிறியள்?"

"தம்பி, இது இன்பிராரெட் பிளேட். எங்கடை கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்திலை பிடிக்கிறது. அது லென்ஸுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் வந்து கூடும். அரை நூல்! கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

படம் வந்தால் வானம் கறுப்பு, இலையெல்லாம் வெள்ளை. இணுவிலில் தோட்டம் செய்யும் கமக்காரர் ஒருவர் தன் வளவுப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் என்ரை மாமரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

ஒருநாள் குருநகரிலிருந்து திரேசம்மா வந்தாள். கையில் கறுத்துப்போன ஒரு தாள்.

"மலாயாவிலையிருந்து அவர் பென்சிலாலை எழுதினது, அண்ணை. வலைக்குப் பனிச்சங்காய்ச் சாயம் போடேக்கை வந்தது. இடுப்பிலை செருகினன், சாயத் தொட்டிக்கை விழுந்திட்டுது. ஆரும் வாசிக்கேல்லை. அடுத்த மாசம் அவர் காய்ச்சலிலை கண்ணை மூடிப்போட்டார் எண்டு தந்தி வந்தது. கடைசியா என்ன சொன்னவர் எண்டு தெரிஞ்சாப் போதும்."

"சாயம் இந்த வெளிச்சத்தை விட்டிடும், பென்சில் கரி விடாது" என்றார் அண்ணை. அவரிடம் மூன்றே மூன்று இன்பிராரெட் பிளேட்டுகள் மிச்சம். சாயத்துக்குள் எழுத்துத் தெரியாததால், பக்கத்தில் பத்திரிகைத் துண்டொன்றைக் குத்தி, அதைப் பார்த்துக் கூர்மையாக்கி, அரை நூல் தள்ளினார். பென்சில் கோடு எழும்பி வந்தது! ஆனால் ஒரே புகைச்சல். "பிளேட் பழுது" என்றார். மறுபடி அதே அரை நூல், மறுபடி புகைச்சல். திரேசம்மா செபமாலையை விடவில்லை.

அண்ணை கடிதத்துக்கும் லென்ஸுக்கும் இடையில் அடிமட்டத்தைப் பிடித்து அளந்தார்.

"பிழை என்னிலைதான், தங்கச்சி. மாமரம் தூரத்திலை நிண்டது, கடிதம் கிட்ட இருக்குது. கிட்டப் பிடிக்கேக்கை தள்ளுறதும் கூடவேணும். ஒரு நூல்!"

அந்த மனுசன் வாயில் அரையைத் தவிர வேறு கணக்கு வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

கடைசிப் பிளேட். ஈரம் காயமுன்னமே நான் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். "திரேசா, நான் சுகம். சாயம் போட்டால் உன்ரை கை கறுத்துப்போகும். இந்தமுறை தம்பியைப் போடச் சொல்லு."

அவள் தன் கறுத்த விரல்களை விரித்துப் பார்த்தாள். சிரித்தாள். பிறகுதான் அழுதாள். அண்ணை திரும்பி நின்று, துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அதற்குப் பிறகு அவரை அரைநூல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணை என்று மட்டும்தான் கூப்பிட்டேன்.