தராசுக் காது

இரண்டாவது பேண்ட் வாசிக்க ஆரம்பித்த அரை நிமிடத்தில் கிளிஃபர்ட் ஹெப்டனுக்குத் தன் மனைவி டோரீனின் குரல் கேட்டது. தொண்டைக் குரல் இல்லை, அவள் ஊதும் டிராம்போன் குழல். உச்ச சுரத்துக்கு நேராகப் போகாமல் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு மேலேறும் அந்த இழுப்பு. கல்யாணமான நாளிலிருந்து சமையலறைச் சுவர் வழியாகக் கேட்டு வருகிறார்.

நடுவருக்கு இது ஆகாத காரியம். ஸ்கார்தேல் ஊர் பேண்ட் போட்டியில் வாசிப்பது யார் என்று நடுவருக்குத் தெரியவே கூடாது. அதற்காகத்தான் தெருமுனையில் ஒரு பழைய கேரவனுக்குள் அவரைத் தள்ளி, திரைகளை இழுத்து மூடி, வாசலில் மீன் வறுவல் கடை வின்னியை விசிலோடு காவல் வைத்திருந்தார்கள். பேண்டுகள் வண்டிக்கு வெளியே வரிசையில் நின்று, முறை வந்ததும் முன்னால் வந்து வாசிக்கும்.

ஹெப்டன் எடை அளவு ஆய்வாளர். அந்த வட்டாரத்துத் தராசுகள் அவரைக் கண்டால் நிமிர்ந்து நிற்கும். உருளைக்கிழங்கை நிறுக்கலாம் என்றால் இசையையும் நிறுக்கலாம் என்பது அவர் கட்சி. சுருதிக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு, இழுப்புக்குத் தண்டனை இவ்வளவு. போன வருடம் தோற்ற பேண்டுகள், "அந்தாளு தனக்குப் புடிச்சதுக்குத்தான் மார்க் போடறாரு" என்று கமிட்டியிடம் புகார் செய்தன. இன்னொரு புகார் வந்தால் கேரவன் பெர்னார்டுக்குப் போய்விடும். பெர்னார்ட், கையில் முடி எழுந்து நிற்கிறதா என்று பார்த்து மார்க் போடுகிற ஆள். அந்த மனிதரிடம் கேரவனைக் கொடுப்பதைவிடக் கொளுத்திவிடலாம் என்பது ஹெப்டனின் முடிவு.

ஆகவே மனைவிக்குச் சலுகை காட்டிவிடக் கூடாதென்று இரண்டாவது பேண்டுக்குப் பத்து மார்க் குறைத்தார். மேசையில் டீ தளும்பிக் கொட்டியது. பெரிய டிரம்மின் அதிர்வு என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது பேண்டிலும் அதே இழுப்பு.

அப்படியானால் இதுதான் டோரீன்! இரண்டாவதுக்குப் பத்தைத் திருப்பிக் கொடுத்து, அநியாயமாக வெட்டியதற்கு நஷ்டஈடாக இரண்டு சேர்த்தும் போட்டு, மூன்றாவதுக்குப் பத்தை வெட்டினார்.

நான்காவது பேண்ட் இரண்டு முறை இழுத்தது.

"வின்னி!" என்று திரைக்குப் பின்னாலிருந்து கூவினார். "எம் பொண்டாட்டி எத்தனை பேண்டுல இருக்கா?"

"சொல்லக் கூடாது இன்ஸ்பெக்டர் சார். சத்தியம் வாங்கியிருக்காங்க."

"ஒண்ணா, ஒண்ணுக்கு மேலயா? அதையாவது சொல்லு."

"என் தராசு ஒரு மீன் செதில் அளவு குறைஞ்சதுக்கு விட்டுக் குடுத்தீங்களா? நானும் மாட்டேன்."

"டீ வேற கொட்டுது. சக்கரத்துக்குக் கல்லு வெச்சியா இல்லியா?"

வெளியே நிறையப் பேர் சிரித்தார்கள். "வெச்சாச்சு சார். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். ஐந்தாவது பேண்டின் மற்ற ஓசைகளெல்லாம் வடிகட்டப்பட்டு, இழுப்பு மட்டும் பாகு மாதிரி உள்ளே இறங்கியது. பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். உள்ளே வெந்தது. கோட்டைக் கழற்றினார். ஆறாவது பேண்டில் டிராம்போனோடு கார்னெட் ஊதுகுழலும் இழுத்தது. ஏழாவது இழுத்தபோது பாட்டின் நடுவிலேயே தெரு கைதட்டியது. எட்டாவதில் பாட்டு என்று எதுவும் இல்லை, முழுக்க இழுப்பு. ஹெப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வெட்டினார். எட்டாவது பேண்டின் மார்க் பூஜ்யத்துக்குக் கீழே போனது. டீக்கோப்பை தரைக்குப் போனது.

வின்னி திரையை விலக்காமல் கையை மட்டும் நீட்டிப் புதுக் கோப்பை கொடுத்தாள்.

கடைசியாக ஒன்பதாவது பேண்ட். ஒரு இழுப்பு இல்லை. ஒவ்வொரு சுரமும் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. தாளம் பிசகவில்லை. கோப்பையில் டீ அப்படியே நின்றது. ஹெப்டனுக்கு லேசாகக் கொட்டாவி வந்தது. அதை நிதானம் என்று எடுத்துக்கொண்டார். நிச்சயம் வெளியூர் பேண்ட். சந்தேகமே இல்லை.

வெளியே வந்து பீர் பெட்டி மேல் ஏறி நின்று அறிவித்தார்.

"முதல் பரிசு, ஒன்பதாம் எண்!"

டிராம்போனைத் தோளில் சாய்த்தபடி பரிசுக் கோப்பையை வாங்க வந்தவள் டோரீன்.

"பொண்டாட்டிக்கா!" என்று எட்டாம் பேண்ட் கத்தியது. "அடப்பாவி, வண்டி ஒரு இஞ்ச்கூட அசையலையே!"

"எந்த வண்டி?" என்றார் ஹெப்டன். மனைவியிடம் குனிந்தார். "நீ இழுக்கவே இல்லையே?"

"இழுத்தா உனக்குப் புடிக்கும். புடிச்சுட்டா மார்க்கை வெட்டுவே. உன்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

"எனக்குப் புடிக்குமா? அதுக்குத் தண்டனையே வெச்சிருக்கேன்!"

கமிட்டிக்காரர்கள் கூடிக் குசுகுசுத்தார்கள். ஹெப்டன் பெட்டியிலிருந்து இறங்கவில்லை. "நிறுத்துப் போட்ட மார்க். ஒரு புள்ளி மாத்த மாட்டேன். வேணும்னா பெர்னார்டையே கூப்பிட்டுக்குங்க!"

கேரவனில் விட்ட கோட்டை எடுத்துக்கொண்டு வின்னி வந்தாள்.

"பெர்னார்ட் எதுக்கு சார்? இழுப்பு வந்தப்பல்லாம் உள்ள நீங்க காலால போட்ட தாளத்துல வண்டி குதிச்ச குதிக்கு, அவர் கை முடியெல்லாம் எம்மாத்திரம்? அடுத்த வருஷமும் நீங்களே உள்ள உட்காரணும்னு கமிட்டி முடிவு பண்ணியாச்சு. மார்க்கை மட்டும் நாங்க வெளிய நின்னு வண்டியைப் பார்த்துப் போட்டுக்கறோம்."