மாமன் சீராக ஒரு துப்பாக்கி

திருப்பூர்
14.09.2025, ஞாயிற்றுக்கிழமை
விசுவாவசு வருடம், ஆவணி 29

அன்பிற்குரிய மாப்பிள்ளை இளங்குமரனுக்கு, முருகன் அருளை முன்னிறுத்தித் தாய்மாமன் நாச்சிமுத்து எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் சுகம். உங்கள் அம்மா, அதாவது என் தங்கை கமலாம்பாள், முழங்கால் நீங்கலாகச் சுகம். அமெரிக்காவில் நீங்களும் எமிலியும், எமிலியின் தகப்பனார் வால்ட்டர் அவர்களும் நலமாயிருக்க வேண்டும். கைபேசியில் இரண்டு வார்த்தை பேசினால் போதாதா, ஐந்து பக்கம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கி விஷயம் எழுத்தில் இருப்பது நல்லது. என் மகன் ராஜவேலின் மகள் மதுமதி இதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பி வைப்பாள்.

ஜூலை 26ஆம் தேதி சனிக்கிழமை மாலை 6.40க்கு நீங்கள் அழைத்தீர்கள். (உங்கள் அம்மா 25 என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். 25 வெள்ளி. அன்று பகல் முழுவதும் மின்தடை. என் கைபேசி உயிரோடு இல்லை.) உங்கள் மாநிலத்தில் அக்டோபர் மாதம் மான் வேட்டைக்கு ஒரு தனிப் பருவம் உண்டென்றும், அதில் குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியை மட்டுமே எடுத்துச் செல்லலாம் என்றும், வால்ட்டர் அவர்கள் இவ்வருடம் உங்களை உடன் அழைத்துப் போகிறார் என்றும் சொன்னீர்கள். ஒருவனுடைய முதல் துப்பாக்கியை அவன் வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கமாம். "உங்கள் வீட்டில் யார் கொடுப்பார்கள்?" என்று அவர் கேட்டதற்கு, நீங்கள் ஒரு நொடியும் யோசிக்காமல் "தாய்மாமன்" என்று சொல்லிவிட்டீர்களாம். அதைக் கேட்டு நான் பேச்சிழந்து நின்றதை நீங்கள் சிக்னல் கோளாறு என்று எண்ணி மூன்று முறை "ஹலோ" சொன்னீர்கள். அது சிக்னல் அல்ல, மாப்பிள்ளை. 24.1.1993 ஞாயிறன்று உங்கள் காதுகுத்துக்குக் கடுக்கன் வைத்தேன். 8.9.2019 ஞாயிறன்று உங்கள் திருமணத்துக்குப் பட்டு வேட்டி வைத்தேன். சீர்த்தட்டில் துப்பாக்கி வைத்த தாய்மாமன் அவிநாசி முதல் தாராபுரம் வரை எவன் இருக்கிறான்? ஆனால் கூடவே ஒரு கெடுவும் சொன்னீர்கள். செப்டம்பர் 30க்குள் மாமா கொடுக்காவிட்டால், வேட்டைக்கு ஆயுதமின்றிப் போக முடியாதாகையால், வால்ட்டர் அவர்களே ஒன்று கொடுத்துவிடுவாராம். அதாவது அக்டோபர் 1 பிறந்தால் என் உரிமை கடல் தாண்டிச் சம்பந்தி கைக்குப் போய்விடும். அந்தக் கவலையில், நீங்கள் அழைத்த நாளிலிருந்து எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடுதான் இறங்குகிறது.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. 1.6.1978 முதல் 31.5.2016 முடிய முப்பத்தெட்டு ஆண்டுகள் பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்தவனுக்கு ஓட்டை தெரியும், எண்ணெய்க் கறை தெரியும், தையல் விட்டது தெரியும். ஆகவே ஜூலை 30 புதனன்று குன்னத்தூருக்குப் போய், உங்கள் அத்தையின் தம்பி கிட்டுசாமியைப் பார்த்தேன். பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருக்கிறது. குண்டு போடுவதில்லை, வெறும் மருந்துச் சத்தத்தில் பன்றிகளை விரட்டுவார். எனக்காக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, வெளியே காம்பின் மேல் நெருப்புப் பொறி தரும் கேப்பைச் செருகி, "காதப் பொத்திக்குங்க மச்சான்" என்று வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார். "டிக்" என்றது. வேறு கேப் வைத்து இழுத்தார். மறுபடியும் "டிக்".

"என்ன கிட்டுசாமி, இதுதான் வெடியா?"

"நேத்து மழைங்க மச்சான். மருந்து நமுத்துப் போச்சாட்ட இருக்குது. கொஞ்சம் பொறுங்க, அதுக்கே மனசு வந்தா வெடிக்கும்."

அவர் குழலை மேலே பிடித்தபடியே நின்று, மஞ்சள் வெட்டுக்கு ஆள் கிடைக்காத கதையைச் சொல்லத் தொடங்கினார். நானும் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு வருத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு அப்போதுதான் மனசு வந்தது. புகை விலகியபோது கிட்டுசாமி நின்ற இடத்திலேயே நின்றார்; நான் வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தேன். எப்படிப் போனேன் என்பது இன்று வரை தெரியவில்லை. எரிந்தபடி பறந்து வந்த நார் என் வேட்டியில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. செக்கிங் மொழியில் அது மேஜர் டிஃபெக்ட். அந்தப் பீஸைத் திரும்பத் தைக்க முடியாது.

நெருப்பு வெளியில் இருந்தால் மழையில் கைவிடும் என்ற பாடத்தோடு வீடு திரும்பி, ஆகஸ்ட் 3 முதல் 17 முடிய மதுமதியின் உதவியுடன் அதே வகையில் வரும் நவீனத் துப்பாக்கிகளைக் காணொளியில் பார்த்து, எண்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பினேன். அந்தப் பதினைந்து நாளில் உங்கள் அத்தை என்னிடம் பேசியது ஒரே முறை, ஆகஸ்ட் 9 சனியன்று: "எழுவத்திநாலு வயசுல உங்களுக்குத் துப்பாக்கி கேக்குதாக்கும்? ஊட்டுல பல்லி விழுந்தா என்னையத்தான கூப்படறீங்க!" மாப்பிள்ளை, அவள் என்ன சொன்னாலும் சரி, நான் நோட்டை மூடவில்லை. குழலின் உட்புறத்தில் திருகாக வரிகள் ஓடுகின்றன. இருபத்தெட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. நூலுக்கு முறுக்கு உண்டென்று தெரியும். இரும்புக்கு உள்ளே முறுக்கு வைத்திருக்கிறார்கள் என்று யார் நினைத்தது? முறுக்குக் குறைந்தால் நூல் பிரியும், மிகுந்தால் சுருளும். இங்கேயும் அப்படியே: உருண்டைக் குண்டுக்கு மெல்லிய முறுக்கு, நீளக் குண்டுக்கு அழுத்தமான முறுக்கு. நெருப்புப் பொறி மருந்துக்கு நேர் பின்னால், மூடிய அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மழை அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பின்புறத் திருகாணியைக் கையாலேயே கழற்றலாம். ஒரு காணொளியில் அப்படிக் கழற்றிக் குழலை உயர்த்திக் காட்டினார்கள். அதன் மறு முனையில் வானம் ஒரு காசு அளவுக்கு வட்டமாகத் தெரிந்தது. அதை ஆறு முறை நிறுத்திப் பார்த்தேன். இவ்வளவு வித்தையும் எதற்காக? ஒரே ஒரு குண்டுக்காக! முப்பது குண்டு பொழியும் துப்பாக்கியைச் செய்யத் தெரிந்த மனிதர்கள், இந்தப் பருவத்தில் ஒன்றுதான், அதற்கு மேல் வேண்டுமானால் நின்று நிதானமாக மறுபடி கெட்டித்துக்கொள் என்று தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கழித்த பனியன்கள் செகண்ட்ஸ் என்று எங்கோ விலைபோயின. இதில் செகண்ட்ஸ் கிடையாது. இதை நினைத்து நான் சில நாள் சரியாகத் தூங்கவில்லை.

எடை ஏழு பவுண்டு என்று போட்டிருந்தார்கள். மலையும் காடும் சுமந்து நடக்க அது ஏற்றதா என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே ஓர் இரும்புக் குழாயையும் பழைய கட்டிலின் காலையும் இணைத்து, மூன்று கிலோ இருநூறு கிராமில், நாற்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு மாதிரி செய்து, ஆகஸ்ட் 25 திங்களன்று காலை தோளில் வைத்துக்கொண்டு முதலிபாளையம் தொழிற்பேட்டைச் சாலையில் நடந்தேன். என் பழைய செக்கிங் பகுதியில் இப்போது மேற்பார்வை பார்க்கும் முத்துப்பேச்சி எதிரே வந்தாள். "என்னய்யா, யாரச் சுடப் போறிய? மேனேஜரையா? வாங்க, ரூமு நான் காட்டுதேன்" என்றாள். சிரித்தபடி அவள் போன பின், சிரிக்காத யாரோ காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். உதவி ஆய்வாளர் சகாயராஜ் ஜீப்பை என் பக்கத்தில் நிறுத்தினார்.

"பெரியவரே, தோள்ல என்னது?"

"சாம்பிள்."

"எதுக்கு சாம்பிளு?"

"மான் வேட்டைக்கு."

எந்தக் கேள்விக்கும் சுருக்கமாகவும் உண்மையாகவும் பதில் சொல்வது என் பழக்கம். இந்த இடத்தில் அது உதவவில்லை. இங்கே மானைத் தொட்டாலே சிறை. ஜீப்பில் ஏறினேன். நிலையத்தில் என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். இருபதாம் பக்கத்தில் சகாயராஜ் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பதாம் பக்கத்தில் தேநீர் வந்தது. "பின்னால இழுத்துத் திறக்க போல்ட் வேண்டாம் ஐயா. நடுவுல மடக்கித் திறக்கதுதான் நல்லது. சாமானம் கம்மி, கழுவுததும் லேசு" என்று கருத்துச் சொன்னார்; அதையும் தேதியிட்டுக் குறித்துக்கொண்டேன். விடும்போது, "இனிமே இதத் துணி சுத்தி எடுத்துட்டுப் போங்க. எங்க ஊர்லயும் தாய்மாமன் சீரு உண்டு. ஆனா நாங்க மோதிரத்தோட நிறுத்திக்கிடுவோம்" என்றார்.

மீதமிருந்த ஒரே சந்தேகம் தூரக்கண்ணாடி வேண்டுமா என்பது. அதற்கு மானைப் பார்த்தாக வேண்டும். செப்டம்பர் 7 ஞாயிறு காலை 5.50க்கு, கிட்டுசாமியின் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில், துணி சுற்றிய மாதிரியுடன் அவரும் நானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். புள்ளிமான்கள் வந்தன. முன்னே ஓர் ஆண்மான், தனியாக, ஐம்பத்தெட்டு தப்படியில் நின்றது. பிறகு நடந்து அளந்தேன். துணியை விலக்கி மாதிரியைத் தோளில் ஏற்றினேன். மாப்பிள்ளை, என் கையில் இருந்தது இரும்புக் குழாயும் கட்டில் காலும். ஆனாலும் விரல் விசை இருக்க வேண்டிய இடத்தைத் தேடியது. மான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பழக்க தோஷத்தில் நான் அதைக் கழுத்திலிருந்து செக் செய்யத் தொடங்கினேன். கழுத்து, தோள், விலா, ஓரம். புள்ளிகள் வரிசை பிசகவில்லை. வயிற்று வெள்ளை முதுகுச் சிவப்போடு சேரும் இடத்தில் ஒரு தையல்கூடத் தெரியவில்லை. முப்பத்தெட்டு ஆண்டில் ஒரு குறையும் காண முடியாமல் நான் பாஸ் செய்த பீஸ் அது ஒன்றுதான்.

"மச்சான், டுமீல்னு வாயிலயாச்சும் சொல்லுங்க. போயிறப் போகுது" என்று கிட்டுசாமி காதில் சொன்னார்.

நான் சொல்லவில்லை. அது தானாகத் திரும்பி நடக்கும் வரை குழாயைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. தோள் இன்னும் வலிக்கிறது.

எனவே என் முடிவு: நடுவில் மடங்கித் திறப்பது; அரை அங்குல வாய்; துருப்பிடிக்காத எஃகில் இருபத்தாறு அங்குலக் குழல்; இருபத்தெட்டுக்கு ஒரு முறுக்கு; கையால் கழலும் பின்திருகாணி. தூரக்கண்ணாடி வேண்டாம். அறுபது தப்படிக்குள் போக முடியாதவன் சுடவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் அன்று சுடாதீர்கள். பார்த்துவிட்டு வாருங்கள், அதுவே பெரிய காரியம். ராஜவேல் உங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடை ஒன்றைக் கைபேசியிலேயே பேசி முடித்துவிட்டான். அடிக்கட்டையின் நீளம் மட்டும் உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை எத்தனை அங்குலம் என்று எமிலியிடம் கேட்கும்படி மதுமதியிடம் சொல்லியிருக்கிறேன். அளவு வந்ததும் ஆர்டர். செப்டம்பர் 30க்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. உங்கள் மாமன் கெடு தவறியவன் அல்லன்.

நீங்களும் எமிலியும் பதினாறும் பெற்று, சென்னிமலை ஆண்டவன் அருளால் குளிர் அண்டாமல், கண் மங்காமல், கை நடுங்காமல் நீடு வாழ வேண்டும். வால்ட்டர் அவர்களுக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் தாய்மாமன்,
வே. நாச்சிமுத்து

பின்குறிப்பு: 15.09.2025, திங்கள், காலை 7.15.

மேலே உள்ள ஐந்து பக்கங்களையும் ரத்து செய்யவும். எமிலியிடமிருந்து அளவு ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது: பதின்மூன்றே முக்கால் அங்குலம். நாடா எடுக்கவே ஒரு நிமிடம் ஆகுமே, எப்படி என்று மதுமதியை விட்டுக் கேட்டேன். போன கிறிஸ்துமஸில் அவள் தகப்பனார் உங்களுக்குக் கோட்டு போட்டுப் பார்க்கும் பாவனையில் கையை அளந்தாராம். ஜனவரியிலிருந்து அவர் தம் தகப்பனாருடைய பழைய துப்பாக்கியின் கட்டையை அந்த அளவுக்கு இழைத்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. கொடுக்கும் முன் முறை தவறக் கூடாதே என்றுதான் உங்கள் வீட்டில் யார் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். நீங்கள் தாய்மாமன் என்றதும், "அதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாராம். ஆறேழு மாதம் இழைத்ததை! கேப் வெளியே இருக்கும் பழைய மாதிரிதான். நான் வேண்டாம் என்ற அத்தனையும் அதில் இருக்கிறது. அதையே வாங்கிக்கொள்ளுங்கள். மழையில் வெடிக்காவிட்டால் மானுக்கு நல்ல நாள்.

என் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லவும். தாய்மாமன் வர முடியாத இடத்தில் மாமன் முறையுள்ள இன்னொருவர் நின்று செய்வது நம்மில் உண்டு. உங்கள் மாமனார் எனக்காக நின்று கொடுக்கட்டும். என் சீராக உள்ளே போட்டுக்கொள்ள முழுக்கைப் பனியன் அனுப்புகிறேன், தடித்த துணியில், கம்பியால் இடிக்கும்போது அக்குள் பிடிக்காதபடி. உங்களுக்கு இரண்டு, அவருக்கு இரண்டு. முத்துப்பேச்சியே நேரில் செக் செய்வாள். வால்ட்டர் அவர்களின் கையளவு மட்டும் உடனே வேண்டும். அவருக்குத் தெரியாமல் எடுங்கள்; ஏதாவது ஒரு கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.