அரைமணி தாமதமாக வரும் பதில்

கிறிஸ்துதாஸ் எழுத்தாளரானதற்குக் காரணம் ரசம்.

அதில் உப்பு இல்லை. இல்லாததை இல்லை என்று சொன்னான். அடுப்படியிலிருந்து அருள்மேரி தலையை மட்டும் நீட்டி, "உப்பு போட்டுத் தின்னா ரோஷம் வரும்னு சொல்வாங்க. உங்களுக்கு எதுக்கு அந்த வம்புன்னுதான் போடல" என்றாள்.

அவனுக்குப் பதில் வரவில்லை. சோற்றைத்தான் உள்ளே தள்ள முடிந்தது. அரைமணி கழித்து, கை கழுவி, வாய் கொப்பளித்து, பின்கட்டில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருக்கும்போது வந்தது பதில். அருமையான பதில். ஆனால் அதற்குள் அவள் பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். போன சண்டைக்கு வந்த பதிலை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

ஒரு பேப்பரில் எழுதினான். வெறும் பதில் மொட்டையாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கணவனை வைத்தான். ஒரு மனைவியை வைத்தான். ரசத்தையும் வைத்தான். கதையில் கணவன் பதிலைச் சுடச்சுடச் சொன்னான். மனைவி வாயடைத்துப் போனாள். சென்னை வாரப் பத்திரிகை ஒன்று அதை வாங்கிப் போட்டுவிட்டது.

பேச்சு வராதவன் என்று அவனை யாரும் நினைத்துவிடக் கூடாது. பதில்தான் வராது. பேச்சு கொட்டும். பெங்களூர் ரோட்டில் பம்ப் பாகங்கள் வார்க்கிற கம்பெனியில் அவன் ஸ்டோர் கீப்பர். ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூர் லைன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான். கேட்டில் வாட்ச்மேன் சொன்னது, அதற்கு இவன் சொன்னது, கேன்டீன் சாம்பார், சூப்பர்வைசரின் ஜலதோஷம், லைனில் காணாமல் போன ஸ்பேனர், அது கிடைத்த விதம், கிடைக்காமலே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது. அருள்மேரி மிஷினை மிதித்தபடி கேட்பாள். ஸ்பேனர் கிடைக்கப் போகிற சமயத்தில் சுருக்கென்று ஒரு வார்த்தை விடுவாள். அவ்வளவுதான். இவன் முகம் சுண்டிவிடும். பின்கட்டுக்குப் போய்விடுவான். அரைமணியில் பதில் வரும். பதிலைச் சுற்றி ஒரு கதை வரும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. கதையில் அவன் தோற்றதில்லை. வீட்டில் ஜெயித்ததில்லை. கதைகளைப் படித்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கடிதம் போட்டார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பதற்காகவா எழுதினான்? வயிறெரிந்து எழுதினான்.

இதில் பெரிய கொடுமை, யாருக்காக எழுதினானோ அவள் ஒரு வரி படித்ததில்லை. பத்திரிகை வந்தால் அதை விரித்துப் போட்டு ரவிக்கைக்கு அளவு வெட்டுவாள். அவன் யோசித்து யோசித்து எழுதிய பதில்கள் பக்கத்து வீட்டுக் கங்கம்மாளின் கைக்கும் கழுத்துக்கும் அளவாகிப் போயின.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். அவள் பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், தீபாவளிக்கு முன்னால் அதற்கு வழி பிறந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் கோதண்டராமன் ஊரில் எழுத்தாளர் வட்டம் ஒன்று நடத்திவந்தார். ஆண்டுவிழாவில் 'நான் ஏன் எழுதுகிறேன்' என்று கிறிஸ்துதாஸ் பேச வேண்டும் என்றார். சமுதாயத்தைத் திருத்த என்றுதான் எல்லாரும் பேசுவார்கள். இவன் உண்மையைப் பேசுவதாக முடிவு செய்தான். ஊர் முன்னால். மைக்கில். முன்வரிசையில் அவளை உட்கார வைத்து.

வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேசுகிறவரின் மனைவிக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அந்த அம்மாள் மைக்கில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதுவரை மேடையேறிய அத்தனை அம்மாள்களும் "வணக்கம், நன்றி" என்று கணக்காக இரண்டே வார்த்தையோடு இறங்கியிருந்தார்கள். அந்தப் பொன்னாடைதான் அவனுக்குத் தூண்டில்.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு நீயும் வர்ற மேரி."

"நான் இன்னாத்துக்கு? கங்கம்மாக்கா வூட்டு ஜாக்கெட்டு அப்படியே கெடக்குது. தீவாளிக்குக் குடுக்க வாணாமா?"

"உனுக்குப் பொன்னாடை போத்துறாங்க."

மிஷின் நின்றது. "பட்டா?"

"பட்டு மாதிரி."

"இன்னா கலரு?"

"பச்சையா இருக்கும்."

"பச்சையா?" என்று யோசித்தாள். "சரி, தலகாணி உறைக்கு ஆவும். வர்றேன்."

மே மாதம் அந்த ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, நாலு பேர் கூடுவதென்றாலும் போலீசில் சொல்லிவிட்டுத்தான் கூடினார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்துக்கு ஒரு கான்ஸ்டபிளும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அருள்மேரி சர்ச்சில் பூசைக்குக் கட்டுகிற புடவையில், முன்வரிசையில்.

கிறிஸ்துதாஸ் எழுந்தான். மைக்கைப் பிடித்தான்.

"நான் சமுதாயத்துக்காக எழுதவில்லை. என் வீட்டில் எனக்குப் பேச்சு கிடையாது. சொல்லடி பட்டுப் பட்டு, சொல்ல முடியாமல் விழுங்கிய பதில்களைத்தான் கதை என்று எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். அதில் ஒவ்வொரு வரியும் நான் உப்பில்லாமல் சாப்பிட்ட ஒரு வேளைச் சோறு. என் பேனாவுக்கு மை ஊற்றியது என் மனைவியின் வாய்."

கடைசி பெஞ்சில் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ரசம்தான் போலிருக்கிறது.

அருள்மேரி தலையைக் குனிந்து முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயடைத்துப் போன மனைவியை எத்தனையோ கதையில் எழுதியிருந்தான். நேரில் அன்றுதான் பார்த்தான். நெஞ்சு நிறைந்து போயிற்று. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பச்சைப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். இறங்குவாள் என்று பார்த்தான். இறங்கவில்லை.

"அவரு சொன்னது அத்தினியும் நெசம். நான் சுருக்குனு பேசுறவதான். ஏன் பேசுறேன்னு அவரு ஒரு நாளும் கேட்டதில்ல, அதான் நானும் சொல்லல. இவரு வேலைய வுட்டு வந்தார்னா வாய மூட மாட்டாருங்க. கேன்டீன் சாம்பாரு, ஸ்பேனரு, சூப்பர்வைசருக்குச் சளி. நானும் மனுஷிதானே? கண்ணாலம் ஆன புதுசுல ஒரு நாளு ரசத்துல உப்பு போட மறந்துட்டேன். கேட்டாரு. வாய்க்கு வந்தது ஏதோ சொன்னேன். மூஞ்சத் தூக்கிகினு பின்னால போயி எழுத உக்காந்துட்டாரு. வூடு கம்முனு ஆயிடிச்சி. அன்னிக்கு ஒரு பாவாட, ரெண்டு ஜாக்கெட்டு தெச்சி முடிச்சேன்."

சற்று நிறுத்தி, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாள்.

"அதுக்கப்பறம் நான் மறந்ததில்லங்க. வேணும்னேதான் போடறதில்ல. நன்றி."

கூடம் அதிர்ந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் கான்ஸ்டபிள். கோதண்டராமன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நன்றியுரை சொல்லப் போய், அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கிறிஸ்துதாஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமும் தான் அவளைப் பழிவாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தான். அவளோ குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல அவனைப் பின்கட்டில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள்.

கடைத்தெரு வழியாக இருவரும் வீடு திரும்பினார்கள். வழியில் அவன் உள்ளுக்குள் ஒரு சபதம் செய்துகொண்டான். இனி எழுதுவதில்லை. எழுதினால் அவள் ஜெயித்ததாகிவிடும். தினமும் மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவேன். பேசியே தீர்ப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்து மிஷினோரம் போட்டுக்கொண்டான்.

"மைக் செட்டுக்காரன் இருக்கான் பாரு மேரி, அவன் வந்ததே லேட்டு. நான் கேட்டேன், இன்னாப்பா..."

"பேசுங்க" என்றாள் அவள், பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே. "மைக்கு குடுத்தாங்களே, அங்கியே முடிச்சிட்டு வந்திருக்கலாம். நீங்க ஆரம்பிச்சத நான்தான் முடிக்க வேண்டியிருந்திச்சி."

வாய் அடைத்துக்கொண்டது. ஆனாலும் அவன் எழுந்திருக்கவில்லை. சபதம் சபதம்தான். அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் பின்பக்கம் போனாள், வந்தாள். பச்சைப் பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு கங்கம்மாளிடம் காட்டப் போனாள். அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அரைமணியில் பதில் வந்தது.

அவன் வாழ்க்கையிலேயே வந்த பதில்களில் சிறந்தது அதுதான். விருட்டென்று திரும்பினான். மிஷின்தான் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அவள் சிரிப்பும் கங்கம்மாளின் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. அங்கே போய்ச் சொல்ல முடியுமா? சொல்லாமல் இருந்தால் விடியும்வரை தாங்குமா? நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்து பார்த்தான். பிறகு எழுந்தான். இது ஒன்று மட்டும், இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

அங்கே பல்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.