நிரைநாட்டின் கெடாத பால்

நிரைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஒரு கோடையில் கெட்டுப்போன பாலைக் குடித்துக் குழந்தைகள் பலர் இறந்தார்கள். அரசு உடனே பெரிய பால்சாலை ஒன்றைக் கட்டியது. நாட்டின் பாலெல்லாம் அங்கே காய்ச்சப்பட்ட பிறகே வீடுகளுக்கு வந்தது. சாவு நின்றது. அது நல்ல சட்டம். மக்கள் அரசை மனதார வாழ்த்தினார்கள்.

பேரமைச்சர் செங்கோடனார் அத்துடன் நிறுத்தவில்லை. மறு ஆண்டு பாலின் ஆடையை எடுத்துவிடச் சொன்னார். அதற்கடுத்த ஆண்டு பாலைப் பொடியாக்கி, மறுபடியும் தண்ணீரில் கரைக்கச் சொன்னார். பிறகு, மாதக்கணக்கில் வைத்தாலும் புளிக்காமலிருக்க அதில் ஓர் உப்பு சேர்க்கப்பட்டது. என்ன உப்பு என்பது அரசு ரகசியம். வீட்டில் மாடு கறப்பது குற்றமாயிற்று.

இருபது ஆண்டுகள் கழிந்தன.

வடிவாம்பாள் தலைநகரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர். ஒரு நாள் சந்தையில் மூட்டை தூக்கும் பூவாயி விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வயது இருபதுதான்.

"எங்கேடி விழுந்தே?"

"விழலக்கா. தும்மினேன். பட்டுன்னு போச்சு."

அந்த மாதத்தில் அப்படி வந்தவர்களில் அவள் ஒன்பதாவது ஆள். சட்டத்துக்கு முன்பே வளர்ந்து முடித்த முதியவர்களின் எலும்பு நாற்பது நாளில் கூடியது. அந்தப் பாலில் வளர்ந்தவர்களுடையது கூடவில்லை. வடிவாம்பாளுக்கு அந்தப் பாலின் மேல் சந்தேகம் வந்தது. மறுநாளே பேரமைச்சரைப் பார்க்கப் போனார்.

"ஐயா, காய்ச்சுறதைத் தப்புன்னு சொல்ல வரலை. அதுக்கப்புறம் அந்தப் பாலை என்ன பண்றீங்க, என்ன சேக்குறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"அம்மையே, இந்தப் பாலைக் குடித்த அன்றே யாரேனும் இறந்ததுண்டா?"

"அன்னைக்கு ஒண்ணும் ஆகலைங்க. இருபது வருஷம் கழிச்சு ஒடியுறாங்க."

பேரமைச்சர் நாட்காட்டியைப் புரட்டினார். "இந்த அவையின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். அதற்கு அப்பால் நிகழ்வதை விசாரிக்க நமக்கு அதிகாரமில்லை."

ஆனாலும் அரசு சும்மா இருக்கவில்லை. மக்களின் எலும்பைக் காக்க, ஓடுவதைத் தடை செய்தது. முறிவுகள் குறையவில்லை. சுமை தூக்குவதையும் தடை செய்தது. பூவாயிக்கு வேலை போயிற்று. கடைசியில், வைத்தியர்கள் 'எலும்பு முறிவு' என்று எழுதக் கூடாது, 'கவனக்குறைவு' என்றே எழுத வேண்டும் என்று ஆணை வந்தது. அந்த மாதம் நாட்டில் ஒரு முறிவுகூடப் பதிவாகவில்லை. பேரமைச்சருக்குப் பாராட்டு விழா நடந்தது.

விழாவின் முடிவில், பால் சட்டத்தை என்றென்றைக்கும் மாற்ற முடியாததாக ஆக்கும் தீர்மானம் வந்தது. முதியவர்களுக்கு அழைப்பில்லை. மைதானத்து மண்ணில் அந்தப் பாலில் வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்," என்றார் பேரமைச்சர்.

வடிவாம்பாள் சட்டென்று எழுந்தார். சிறு வயதிலிருந்தே அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் நிற்கவில்லை. அவமானத்தில் அவர் முகம் சுண்டிப் போயிற்று. இத்தனை பேருக்குமா பயம்?

பிறகுதான் தரையைப் பார்த்தார். எங்கும் கைகள் மண்ணில் ஊன்றியிருந்தன. ஒருவர் தோளை ஒருவர் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கால்களை நிமிர்த்தப் பார்த்தார்கள். பூவாயி பாதி எழும்பி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"எதிர்ப்பு ஒன்று. மற்ற அனைவரும் ஆதரவு," என்று அறிவித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார் பேரமைச்சர். முரசு முழங்கியது.

பூவாயி வடிவாம்பாளின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்களும் எந்திரிக்கத்தான் பாத்தோம்க்கா," என்றாள். "அதுக்குள்ள எண்ணி முடிச்சிட்டாங்க."