செயின் மாட்டிய மெக்கானிக்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்களுக்குச் சில வருடங்களில் ஒரு வியாதி வந்துவிடும். உலகத்தில் யார் செய்த வேலையிலும் குறை தெரியும். தான் செய்ததில் மட்டும் தெரியாது. எனக்கு அது முற்றிப்போயிருந்த காலத்தில்தான் என் பைக்கின் செயின் தேய்ந்தது.

வண்டி போகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். தெருமுனை மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, செயினோடு முன்னும் பின்னும் இருக்கிற பல்சக்கரங்களையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், பல்லெல்லாம் முள்ளாகிவிட்டது என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். (யாருகிட்ட?) செயினை மட்டும் வாங்கி வந்து, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நானே மாட்டினேன். செயினின் இரு முனைகளை இணைக்கிற லாக்கின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வீடியோக்காரர் சொல்லப்போகும் நேரத்தில் விளம்பரம் வந்தது. விளம்பரத்தோடு சேர்த்து அதையும் தள்ளிவிட்டேன்.

மறுநாள் சேவூரில் என் மச்சினனுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பட்டுப்புடவை, குஞ்சம் கட்டுவதற்காகத் திருப்பூரில் ஒரு தையல் கடையில் இருந்தது. எல்லோரும் காலையிலேயே வேனில் போய்விட, புடவையை வாங்கிக்கொண்டு பதினோரு மணி முகூர்த்தத்துக்குள் வந்துசேர்வது என் பொறுப்பு. பஸ்ஸில் வரச் சொன்னாள் என் மனைவி சுதா. "நானே மாட்டுன செயின். ஊட்டி வரைக்கும் போலாம்" என்றேன்.

அவினாசி தாண்டும் வரை ஒழுங்காகத்தான் போனது. பிறகு டக் டக்கென்று கீழே ஏதோ உதைத்தது. புதுச் செயின் இல்லையா, பழகுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு முறுக்கினேன். பின்னால் கலகலவென்று ஒரு சத்தம். இஞ்சின் ஆவேசமாக உறுமியது. வண்டியோ மெதுவாக நின்றது. திரும்பிப் பார்த்தால், அளவு நாடா மாதிரி செயின் ரோட்டில் நீண்டு கிடந்தது. லாக்கைக் காணோம்.

வெள்ளை வேட்டி சட்டையோடு தவழ்ந்து தேடினேன். செயினை எடுத்ததில் இரண்டு உள்ளங்கையும் கருப்பாயின. அந்தக் கையாலேயே நெற்றி வேர்வையைத் துடைத்தேன். சுதா நாலு தரம் போன் அடித்தாள். எடுக்கவில்லை. (எடுத்து என்ன சொல்ல?)

அப்போது பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பின்சக்கரத்தை உற்றுப் பார்த்தார்.

"எவனுங்க தம்பி இந்தச் செயினை மாட்டுனது? பழைய பல்லை அப்படியே உட்டுருக்கானே."

வீட்டில் தறி ஓட்டுகிறவராம். பல்சக்கரம் தெரியாமலா இருக்கும்? நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஒரு மெக்கானிக்குங்க. நல்லா ஏமாத்திட்டானுங்க."

பைக்கை ஒரு பேக்கரி வாசலில் விட்டுவிட்டு, புடவைப் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஏறினேன். வழி நெடுக அந்த மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வந்தார். நானும் சேர்ந்து திட்டினேன். எந்த மண்டபம் என்று அவர் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் கல்யாணப் பெண்ணுக்குப் பெரியம்மா.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புடவை போய்ச் சேர்ந்தது. கூட்டம் மொத்தமும் என் நெற்றியில் இருந்த கிரீஸைப் பார்த்தது. பெரியம்மா நடுவில் நின்று சபைக்கே சொன்னார்: "பாவம் இந்தத் தம்பி. துப்புக்கெட்ட மெக்கானிக் ஒருத்தங்கிட்ட மாட்டிக்கிட்டாருங்க. அவனையெல்லாம் ஸ்பேனரையே தொட உடக்கூடாது."

செயின் மாட்டிய பெருமையை முந்தின நாளே என்னிடம் கேட்டிருந்த மச்சினனுக்குப் புரையேறியது. சுதா காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ஆமாங்கத்தை. அவனை இனி ஊட்டுப்பக்கமே சேத்தறதில்லீங்க."

மறுநாள் தெருமுனை மெக்கானிக் பல்சக்கரங்களோடு செயினைச் சரியாக மாட்டித் தந்தார். முதலில் யார் மாட்டியது என்று அவரும் கேட்டார். பக்கத்து ஊர் மெக்கானிக் என்றேன்.

எட்டு வருடமாகிறது. மிக்ஸி நின்றாலும் குழாய் ஒழுகினாலும், நான் எழுந்திருப்பதற்கு முன்பே "அந்த மெக்கானிக் வேண்டாம்" என்கிறாள் என் மகள். விஷயம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், பெரியம்மாவைத் தவிர. போன மாதம் ஒரு காதுகுத்துப் பந்தியில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர், அவன் இன்னும் தொழில் பண்ணுகிறானா என்று அக்கறையாக விசாரித்தார். விட்டுவிட்டான் என்றேன்.

"கல்யாணம் ஆயிருச்சுங்களா அவனுக்கு?"

"ஆச்சுங்க பெரீம்மா."

சோற்றைப் பிசைந்தபடி பெருமூச்சு விட்டார். "பாவம், அவனைக் கட்டிக்கிட்ட புள்ள."

எனக்கு அந்தப் பக்கம் இருந்த சுதா, இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டு, "பாவந்தானுங்கத்தை" என்றாள்.